சின்னவன் என்ற படகின் பதிவு குறித்து

மதிப்பிற்குரிய மூத்த சகோதரர் அவர்களுக்கு,

இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். உங்கள் தம்பி எழுதுகிறேன். உங்களுக்கு ஒரே ஒரு தம்பி என்பதால் எந்தத் தம்பி என்று விளக்கத் தேவையில்லை. 'நீங்கள்' என்று எழுதுவதைப் பார்த்து நான் திருந்திவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். அது மரியாதை அல்ல, இடைவெளி. பேச விருப்பமில்லாத இருவர் நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு வைப்பார்களே, அதைப் போல.

இவ்விடம் நானும் உங்கள் தம்பி மனைவியும் சௌக்கியம். அவ்விடத்துச் சௌக்கியத்தை நான் கேட்காமலே அக்கா வாராவாரம் ஒப்பித்துவிடுவதால், விசாரித்ததாகவே எடுத்துக்கொள்ளவும். உங்களுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததையும் அவளே சொன்னாள். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே பொதுவாகக் குணமாகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் ஒரு பள்ளிப் பாடநூலுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "டேய், ஒரு சின்ன விஷயம்" என்றாள். நம் வீட்டில் சின்ன விஷயம் என்றால் என்ன என்பது உங்களுக்கும் தெரியும். அப்பா வீட்டை விற்றதும் ஒரு சின்ன விஷயமாகத்தான் ஆரம்பித்தது.

"நீ தபால் ஆபீஸ் பக்கம் போவல்ல? அப்படியே கப்பல் பதிவு ஆபீஸையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்."

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலயா இருக்கு?"

"எனக்கென்னடா தெரியும். ரெண்டும் ஆபீஸ்தானே."

பிறகு மெல்ல மெல்ல மூட்டையை அவிழ்த்தாள். அங்கே வெளிநாட்டில் உங்கள் படகுத்துறையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். வேறு நாட்டில் பதிந்த படகுகளெல்லாம் அந்தப் பதிவு இன்னும் செல்லுபடியாகிறது என்று காட்ட வேண்டுமாம். காட்டாத படகுகளை அடுத்த மாதம் கரைக்கு இழுத்து, ஆளில்லாப் படகு என்று கணக்கெழுதி, உடைத்துவிடுவார்களாம். உங்களிடம் இருந்த சான்றிதழோ படகின் அறைக்குள்ளேயே கிடந்து ஈரத்தில் கூழாகிவிட்டதாம். பதிவு இருக்கிறதா, எப்போதோ முடிந்துவிட்டதா என்று உங்களுக்கே தெரியாதாம்.

"உடைக்கட்டும்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதடா. பாயெல்லாம் இப்ப ஏத்தறதே இல்ல. கால் சரியில்லாம போனதுலேருந்து சாயங்காலமானா சும்மா போய் அதுல உக்காந்துட்டு வரான். அவனுக்கு அங்க வேற போக்கிடம் என்ன இருக்கு?"

"உடைக்கும்போது எழுந்துக்கச் சொல்லு."

"அவனே உன்கிட்ட கேட்டிருப்பான். நீதான் அவன் நம்பரைப் பாத்தா எடுக்கறதில்லயே."

எடுக்காமல் இருப்பது உண்மை. ஆனால் நான் எடுக்கவில்லை என்று தெரியும் அளவுக்கு நீங்கள் கூப்பிட்டதாகவும் எனக்கு நினைவில்லை. இருந்தாலும் போனேன். உங்களுக்காக அல்ல. அந்தப் படகில் பாதி என்னுடையது. அது உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் நினைவுபடுத்துகிறேன்.

நானும் உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்து உங்களோடு தங்கியிருந்த நாட்களில், கிழட்டு மாலுமி ஒருவரிடமிருந்து நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய படகு அது. புதிதாக வந்தவர்கள் பெயரில் அங்கே பதிய முடியாது என்றார்கள். சொந்த நாட்டிலேயே பதிந்துகொள்வோம், படகு இங்கே கிடக்கட்டும் என்றீர்கள். விண்ணப்பத்தைப் படகின் உள்ளறையில், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் அந்த ஒற்றைக்கால் மேசையில் வைத்து நிரப்பினோம். முதல் உரிமையாளர் என்ற இடத்தில் யோசிக்காமல் உங்கள் பெயரை எழுதிக்கொண்டீர்கள். நான் இரண்டாம் உரிமையாளர் ஆனேன். நான் கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து ஏதோ பெரிய கப்பல் ஒன்று கடந்து போக, அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. என் கையெழுத்தைப் பார்த்து, "எறும்பு மையைக் குடிச்சுட்டு நடந்து போன மாதிரி இருக்குடா" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் மேசை இன்னொரு முறை ஆடியது.

பெயர் வைத்ததும் நீங்கள்தான். "பழசு. மெதுவாப் போகும். ஒரு பக்கமா சாஞ்சே நிக்கும். சொன்ன பேச்சு கேக்காது. வேற என்ன பேர் வைக்க? நம்ம சின்னவன்தான்" என்றீர்கள். வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரைப் படகின் முதுகில் எழுதினீர்கள். நான் கோபப்பட்டதாக நினைவு. ஆனால் துறையில் நடந்து போகிறவர்கள் அந்த அந்நிய எழுத்தை நின்று உற்றுப் பார்த்துவிட்டுப் போகும்போது, எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். முதலில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்று பதிவு அலுவலகத்தின் இணையதளத்தைத் திறந்தேன். 'உங்கள் கலம் பதிவில் உள்ளதா?' என்று ஒரு பக்கம். படகின் பெயர் கேட்டது, கொடுத்தேன். நீளம் கேட்டது. உங்கள் நண்பர்களிடம் நீங்கள் சொல்லும் நீளமா, உண்மையான நீளமா என்று யோசித்து உண்மையைக் கொடுத்தேன். அடுத்து நிறம் கேட்டது. அங்கே என் கை நின்றுவிட்டது. நிறம் எனக்கு எப்படித் தெரியும்? நான் கடைசியாகப் பார்த்த படத்தில் அது சாம்பல் நிறமாக இருந்தது. குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட படம். ஏணியில் நின்றுகொண்டு, கையில் தூரிகையோடு, ஊரையே வென்றவர் போல ஒரு சிரிப்பு. பின்னால் படகின் முதுகு. எழுத்து இருந்த இடமெல்லாம் சுத்தமாக, வழவழவென்று, சாம்பல். சின்னவனைக் காணோம். கீழே வரிசையாக வாழ்த்துகள். "சூப்பர்", "புதுசு மாதிரி இருக்கு", "அப்பா இருந்தா பெருமைப்பட்டிருப்பார்" என்று. ஒருவர், ஒரே ஒருவர்கூட, அங்கே இருந்த பெயர் எங்கே என்று கேட்கவில்லை. நான் ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்துக்குக்கூட வராமல் அதே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாயே, அதைக்கூட முழுங்கிக்கொண்டேன். இருக்கட்டும், அண்ணன் முகத்தைக் காட்டினால் அழுதுவிடுவான், அதனால் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெயரை அழித்துவிட்டு அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துப் போட்டாய் பார், அதை என்ன சொல்லி முழுங்குவது? அன்று பிற்பகலே குழுவிலிருந்து வெளியேறினேன். யாரும் கவனிக்கவில்லை. அக்காவே வெகுநாள் கழித்து, "என்னடா உன் பேரையே காணோம்" என்றாள். படகில் காணோமா குழுவில் காணோமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கம் மாறி, 'நீண்ட நேரமாக நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஆகவே வெளியேற்றப்பட்டீர்கள்' என்று வந்தது. நம் குடும்பத்தை அறிந்த யாரோ எழுதிய வாக்கியம்.

'நீங்கள்' எந்த வரியில் 'நீ' ஆனது என்று இப்போது மேலே போய்ப் பார்த்தேன். பிழை பிடிப்பதே என் தொழில் என்றாலும் திருத்தப் போவதில்லை. கோபத்தில் நாற்காலி தானாக நகர்ந்துவிட்டது. அப்படியே கிடக்கட்டும்.

மறுநாள் நேரில் போனேன். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை மரத் தட்டிகளால் தடுத்து அலுவலகம் ஆக்கியிருக்கிறார்கள். மின்விசிறி எங்கேயோ சுற்றுகிறது, காற்று எங்கேயோ போகிறது. வாசல் காவலர், "கப்பலா, படகா?" என்றார். படகு என்றேன். "படகு மாடியில" என்றார். மாடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் துறைமுகத்தில் தூர்வாரும் படகு வைத்திருக்கும் ஆள் ஒருவர். சட்டையெல்லாம் சேறு, வாயெல்லாம் பேச்சு. படகின் நிறம் தெரியாமல் இணையதளத்தில் நின்றுவிட்டதைச் சொன்னேன்.

"படகு எங்க இருக்கு?" என்றார் பதிவு அம்மா.

"வெளிநாட்டுல."

"நீங்க?"

"இங்கதான். உங்க முன்னாடி."

"அது தெரியுது. படகை அங்க யார் பாத்துக்கறாங்க?"

"எங்க அண்ணன்."

"அப்ப பெயின்ட் கலரு, இப்ப என்ன நிலைமை, இதெல்லாம் அவரைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரே."

"பேச்சுவார்த்தை இல்ல."

தூர்வாருகிறவர் பின்னாலிருந்து, "சொத்துத் தகராறா?" என்றார்.

"இல்ல."

"பொண்டாட்டிங்க தகராறா?"

"இல்லங்க."

"ரெண்டும் இல்லாம எதுக்குங்க பேசாம இருக்கீங்க? காரணமே இல்லாம கோபம் வச்சிருக்கறது ரொம்பக் கஷ்டமாச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்து, கணினியில் தேடினார். தேடி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு மனசு. இல்லை என்று சொல்லிவிட வேண்டும், கதை முடிந்துவிட வேண்டும் என்று ஒரு மனசு. இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டுமே என்று இன்னொரு மனசு.

"இருக்கு" என்றார். "உயிரோடதான் இருக்கு. ஆனா இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள புதுப்பிக்கலைன்னா பேரைப் பதிவுலேருந்து எடுத்துருவோம்."

"யார் புதுப்பிக்கணும்?"

"உள்நாட்டுல குடியிருக்கற உரிமையாளர். அவர்தான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். பழைய கையெழுத்தோட பொருந்தணும். படகோட பின்பக்கம் பேர் தெரியற மாதிரி ஒரு போட்டோவும் வேணும்." திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு உரிமையாளர்ல நீங்க ஒருத்தர்தான் இங்க இருக்கீங்க. நீங்க போட்டா உண்டு, இல்லாட்டி இல்ல" என்றார்.

அதாவது, படகு உன்னிடம் இருக்கிறது. கயிறு, நங்கூரம், பாய், மாலை நேரம் எல்லாம் உன்னிடம். ஆனால் அது எந்த நாட்டுப் படகு என்பது என்னிடம் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு படகு கட்டிக் கிடக்கிற இடம் ஒன்று, அதற்குரிய இடம் வேறொன்று. ஆண்டுக்கணக்கில் அந்நியத் தண்ணீரில் கிடந்தாலும், இங்கே ஒரு பழைய கிடங்கின் மாடியில் யாரோ அதன் பெயரை எடுத்துவிடாமல் வைத்திருக்கும்வரை அது அநாதை இல்லை. எடுத்துவிட்டால், கயிறு எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தாலும் அநாதைதான். படகுக்கு மட்டும் சொல்லவில்லை. நீயும் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"பின்பக்கத்துப் படம் வேணுமாம். பேரோட. அனுப்பச் சொல்லு பாக்கலாம்."

"அதுக்கென்ன, உங்க அண்ணிகிட்ட சொன்னா எடுத்து அனுப்பிடுவா."

"அனுப்பட்டும், அனுப்பட்டும். என்ன பேர் இருக்குன்னு நானும் பாக்கறேன்."

"ஏன்டா இப்படிப் பேசற?"

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன விஷயம்."

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சின்னவன் என்ற படகுதான் பதிவில் இருக்கிறது. உன் துறையில் கிடப்பது பெயரில்லாத சாம்பல் படகு. இல்லாத பெயருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? போட மாட்டேன். நீ அழித்ததை அவர்களும் அழிக்கட்டும். அப்போதாவது இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றாக இருக்கும். நீ மாலையில் உட்காருவதற்கு அங்கே கடற்கரையோரம் நிறைய பெஞ்சுகள் உண்டு. எனக்குத் தெரியும். அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்க அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விமான நிலையத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவர் அவர். உங்களுக்கும் வணக்கம். கால் சீக்கிரம் குணமாகட்டும், எந்தக் காலாக இருந்தாலும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: 'இப்படிக்கு' என்று எழுதியதும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நான் பிழை திருத்துவது சிவப்பு மையில். அதில் கையெழுத்துப் போட்டால் விளையாட்டாக எடுத்துக்கொள்வாய் என்று நீல மை வாங்கக் கடைக்குப் போனேன். கடை வாசலில் நிற்கும்போது அக்காவிடமிருந்து படம் வந்தது.

படகு கருநீலம். பின்பலகை முழுக்க வெள்ளை எழுத்தில் 'சின்னவன்'. உன் கைவண்ணம் என்பதற்குச் சாட்சியே வேண்டாம். முதல் எழுத்து யானை அளவு. போகப்போக இடம் போதாது என்று தெரிந்திருக்கிறது. கடைசி எழுத்து கொசு அளவில் மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்கூட்டியே அளந்து பென்சிலால் கோடு போட வேண்டும் என்ற எண்ணமே உனக்கு வராது. வெயிலிலும் உப்பிலும் வெளுத்து, ஓரங்களில் மறுபடி மறுபடி தீட்டிய தடம் தெரிகிறது. பக்கத்தில் மரப்பலகையில் நீ. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இடது கால். தெரிந்துகொண்டேன்.

அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"இதை எப்ப எழுதினான்?"

"எதைடா?"

"பேரை. அழிச்சுட்டு இப்ப புதுசா எழுதினானா?"

"எங்க அழிச்சான்? அன்னைக்குப் போட்டானே ஏணிப் படம், அது அடிவர்ணம் அடிச்ச அன்னைக்கு எடுத்தது. அது காஞ்சப்புறம் நீலம் அடிச்சு, பேர் எழுதி, அதையும் படம் எடுத்துக் குரூப்புல போட்டான். நீதான் அதுக்குள்ள ஓடிட்டியே."

"அப்ப ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?"

"நீ எதுக்கு ஓடினேன்னு யார்கிட்டடா சொன்ன? காலைல வணக்கம் சொல்லி பூப்படம் போடறாங்களே, அந்தத் தொல்லை தாங்காம போயிட்டேன்னு நினைச்சோம்."

அடிவர்ணம் பூசிய படகைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது பண்பான செயல் அல்ல என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். முதல் மெய்ப்பை யாரும் வாசகனுக்குக் காட்ட மாட்டார்கள். ஆனால் முதல் மெய்ப்பைப் பார்த்துவிட்டு ஒருவன் புத்தகத்தையே வேண்டாம் என்று சொன்னால் அவனை எங்கள் அச்சகத்தில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை இங்கே எழுதவில்லை.

மறுநாள் காலையில் படத்தை எடுத்துக்கொண்டு கிடங்கின் மாடிக்குப் போனேன். கண்ணாடி இந்த முறை மூக்கிலேயே இருந்தது. தூர்வாருகிறவரும் இருந்தார். அவர் வேலை என்றைக்கும் முடியாது போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலையே சார். இது நேரா இருக்கு. அது என்னமோ எழும்பி எழும்பி விழுந்திருக்கு."

இன்னொரு தாளில் போட்டேன். இன்னும் நேராக வந்தது. எறும்பைப் போல நடக்க வேண்டும் என்று முயற்சி செய்ததில் அது எறும்பாகவும் இல்லை, என் கையெழுத்தாகவும் இல்லை.

"அப்ப எங்க உக்காந்து போட்டீங்க?" என்றார்.

"படகுலதாங்க. அலை வந்துச்சு. எங்க அண்ணன் வேற சிரிச்சு மேசையை ஆட்டினான்."

"அட, இதானா" என்று தூர்வாருகிறவர் எழுந்து வந்தார். சேற்றுக் கையால் அரசாங்க மேசையின் ஓரத்தைப் பிடித்தார். "அம்மா, டீ டம்ளரை எடுத்துக்கங்க. சார், நீங்க பாட்டுக்குப் போடுங்க. பெரிய கப்பலா, சின்னக் கப்பலா?"

"பெரிய கப்பல்" என்றேன்.

ஆட்டினார். என் பெயர் அலையில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு துள்ளல் துள்ளி நின்றது. அந்த அம்மா பார்த்தார். "இதேதான்!" என்று கை தட்டினார். முத்திரை குத்தினார். பதிவு நீடிக்கிறது. சான்று தனியாகப் பதிவுத் தபாலில் வருகிறது. அதைத் துறைக்காரர்களிடம் காட்டு. அப்புறம் வீட்டில் வை, படகில் வைத்துக் கூழாக்காதே.

மேலே உள்ள கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றாள் உன் தம்பி மனைவி. இவ்வளவு எழுதிய பிறகு கிழிக்க மனம் வரவில்லை. தவிர, விமான நிலைய விஷயம் அப்படியே நிற்கிறது. அதற்கு எந்த வர்ணமும் போதாது. அதற்கு நீ நேரில்தான் பதில் சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டாலும், அந்தப் பெஞ்சு இன்னும் இருக்கிறதா என்று நான் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீல மை வாங்கிவிட்டேன். 'இப்படிக்கு' என்பதன் கீழே இடமும் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டு மேசை அசையவே மாட்டேன் என்கிறது. இதில் போட்டால் அது என் கையெழுத்து இல்லை என்று பதிவு அலுவலகமே சொல்லிவிட்டது. ஆடுகிற மேசை உன்னிடம்தான் இருக்கிறது. அங்கே வந்து போட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.